பஞ்சுவின் பத்தியம்

பூனைக்குப் பத்தியமா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

பஞ்சு பிறந்தது திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், கட்டிங் வேஸ்ட் மூட்டையின் மேல். தாய்ப் பூனை போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்தேன். அம்மாவுக்கு அதன்மேல் உயிர். காலையும் மாலையும் ஒரு கிண்ணம் பால். போதாததற்கு எதிர் வீட்டுக் கருவாட்டுத் தலை, பக்கத்து வீட்டுக் கோழித் துண்டு!

இந்த ராஜபோகத்தில் பஞ்சு திடீரென்று இளைக்க ஆரம்பித்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு. கழுத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக் கொண்டது. அம்மா பயந்துபோய்ப் பாலில் இன்னும் ஒரு கரண்டி கூட்டினாள்.

கால்நடை டாக்டர் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார். தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு சொன்னார்: "முதலில் பாலை நிறுத்துங்கள். குட்டிப் பருவம் தாண்டினால் பல பூனைகளுக்குப் பால் செரிப்பதில்லை. சொறிக்குக் காரணம் வேறாக இருக்கலாம். இதுவரை தின்னாத ஒரே ஓர் இறைச்சியை மட்டும் எட்டு வாரம் கொடுங்கள். வேறு எதுவும் வாயில் படக்கூடாது."

எனக்கு விஷயம் புரிந்தது. துணியில் நெடுகக் கோடு விழுந்தால், நிட்டிங் மிஷினில் எந்த ஊசி பழுது என்று நாங்கள் தேடுவதில்லையா? அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"ஏஞ்சாமி, நான் ஊத்துன பாலா அதுக்கு ஆகாமப் போச்சு?" என்று கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது.

இன்னொரு சங்கடம். பஞ்சு இதுவரை தின்னாதது ஆட்டிறைச்சி ஒன்றுதான். அப்பா காலமான நாளிலிருந்து அம்மா மாமிசத்தைத் தொட்டதில்லை. நானோ காலையில் போனால் இரவுதான் திரும்புகிறவன். யார் வேக வைப்பது?

மறுநாள் இரவு வந்து பார்க்கிறேன்: புழக்கடையில் மூன்று கல் கூட்டிய அடுப்பு, புதுச் சட்டி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மா!

"வெங்காயம், பூண்டு ஒண்ணும் போடலெ. அது பூனை ரத்தத்தையே கெடுத்துப்போடுமாமா. டாக்டர் சொன்னபடிதாஞ் சாமி," என்றாள்.

தெருவுக்கும் அவளே உத்தரவு போட்டாள்: "பஞ்சு மேல பாசமிருந்தா ஆரும் ஒண்ணும் போடாதீங்க!"

வயிறு இரண்டு வாரத்தில் சரியாயிற்று. சொறி அடங்க ஏழு வாரம் பிடித்தது. எட்டு வாரம் முடிந்ததும் டாக்டர் சொன்னபடி பழைய தீனியை ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். கோழி ஒன்றும் செய்யவில்லை. கருவாடு கொடுத்த நான்காம் நாள் பஞ்சு மறுபடி சொறிந்தது. பழுதான ஊசி அகப்பட்டது!

வெறும் இறைச்சியே காலமெல்லாம் போதாதாம். எலும்போடு எலியைத் தின்னும் பூனைக்குக் கிடைக்கிற சுண்ணாம்புச் சத்து அதில் இல்லையாம். ஆகவே, மீன் கலக்காத பூனைத் தீனியாகப் பார்த்து வாங்குகிறோம். பஞ்சு இப்போது கொழுகொழுவென்று இருக்கிறது.

மிஞ்சும் பாலை நான் குடிக்கிறேன். "நீ ரொம்ப எளைச்சுட்டே சாமி" என்று அம்மா தினமும் ஒரு கரண்டி கூட்டுகிறாள். எனக்கு எந்த டாக்டர் பத்தியம் எழுதிக் கொடுப்பார்?