கால் சுற்று

எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டியில் ரைஃபிளைக் கிட்டத்தில் பார்ப்பது என்றால் தேர்தல் அன்றைக்குத் தான். வாக்குச்சாவடி வாசலில் நிற்கும் போலீஸ்காரர் தோளில் தொங்கும். அதை எட்ட நின்று பார்த்தே வளர்ந்தவன் நான். பிளஸ் ஒன் படிக்கும்போது என்.சி.சி. முகாமில் முதல் தடவையாக ஒன்றைக் கையில் வாங்கியபோது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள் :-)

அது பாயிண்ட் டூ டூ ரைஃபிள். போல்ட் ஆக்‌ஷன். அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். குப்புறப் படுத்து 25 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் 5 குண்டு சுட வேண்டும். சொல்லிக் கொடுத்த ஹவில்தாரை நாங்கள் எல்லோரும் "ஸ்டாஃப்" என்று தான் கூப்பிடுவோம். அவர் சொன்ன முதல் பாடம் இது: "ட்ரிக்கரை இழுக்காதே, அமுக்கு. எப்ப வெடிச்சதுன்னு உனக்கே தெரியக் கூடாது."

சாயங்காலம் துப்பாக்கி துடைக்கும் வேலை. எனக்கு வந்த ரைஃபிளில் ட்ரிக்கர் கார்டுக்கு முன்னால் இருந்த திருகு லேசாகத் தளர்ந்த மாதிரி இருந்தது. என் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். அப்பா மோட்டார் காயில் கட்டுகிறவர், கடையிலிருந்து எடுத்து வந்தது. யாரையும் கேட்கவில்லை. ஒரு கால் சுற்று, அப்புறம் இன்னும் கொஞ்சம், நன்றாக இறுக்கி விட்டேன். நல்ல காரியம் செய்ததாக மனசுக்குள் ஒரே பெருமை!

மறுநாள் காலை துப்பாக்கி சுடும் அணிக்கு ஆள் தேர்வு. அதே ரைஃபிள் ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்குப் போனது. முதல் நாள் எங்கள் எல்லோரையும் விட நெருக்கமாகச் சுட்டவன் அவன். அன்றைக்கும் 5 குண்டும் நெருக்கமாகத் தான் விழுந்தன, ஆனால் எல்லாமே நடுவை விட்டு விலகி. ஸ்டாஃப் "என்னடா ஆச்சு?" என்றார். அவன் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்தான். நானும் தான் பேசவில்லை.....

அப்புறம் தான் இதைப் பற்றி நிறையப் படிக்க ஆரம்பித்தேன். கார்டு திருகு வெறும் மூடிக்கு இருப்பது இல்லை. இரும்புப் பகுதியை மரக்கட்டையில் உட்கார வைப்பதே அது தான். தளர்ந்தாலும் கெடுதல், அதிகமாக இறுக்கினாலும் கெடுதல். கட்டை அமுங்கினால் குழல் உட்காரும் விதம் மாறும், குண்டு போய் விழும் இடமும் மாறும்.

ட்ரிக்கர் இன்னும் நுணுக்கமானது. போலீஸ்காரர்கள் வெகு காலம் வைத்திருந்த த்ரீ நாட் த்ரீ ரைஃபிளில் அழுத்தத்தை மாற்ற தனித் திருகே கிடையாது. ட்ரிக்கரின் மேல் பகுதியில் இரண்டு மேடுகள் இருக்கும். முதல் மேடு முதல் அழுத்தம், இரண்டாவது மேடு இரண்டாவது அழுத்தம். சரி செய்ய வேண்டும் என்றால் ஆர்மரர் தான் கை வைக்க வேண்டும்.

போட்டிக்கான ரைஃபிள்கள் வேறு மாதிரி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர் மாவட்டத்துக்காரரான ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளி எடுத்து வெண்கலம் வாங்கினாரே, அந்த வகையில் ட்ரிக்கரைத் தன் விரலுக்குத் தக்கபடி அமைத்துக் கொள்ளலாம். பொதுவாக மூன்று விஷயங்களுக்குத் திருகு இருக்கும். ஒன்று ஸ்பிரிங்கின் கனம். இரண்டாவது, ட்ரிக்கரும் சியர் என்கிற கொக்கியும் ஒன்றை ஒன்று எவ்வளவு பிடித்திருக்க வேண்டும் என்பது. மூன்றாவது, வெடித்த பிறகு ட்ரிக்கர் எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்பது.

இதில் பயங்கரமானது இரண்டாவது தான். பிடிப்பு குறையக் குறைய ட்ரிக்கர் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு மயிரிழை தாண்டினால், துப்பாக்கியின் அடிப்பாகம் தரையில் தட்டினாலே வெடித்து விடலாம். அதனால் தான் கைதேர்ந்தவர்கள் திருகை மாற்றியதும் குண்டு இல்லாமல் போல்ட்டை வேகமாக அடித்து மூடிப் பார்ப்பார்கள், கட்டையைத் தட்டிப் பார்ப்பார்கள்.

சரி, வைத்த அளவு அப்படியே நிற்க வேண்டுமே? ஒவ்வொரு வெடியும் ஒரு அதிர்ச்சி. திருகு தானாகக் கழன்று வரும். அதற்கு லாக் நட் போடுவார்கள், நகப்பூச்சு வைப்பார்கள், இல்லாவிட்டால் லாக்டைட் மாதிரி திரவம் ஒரு சொட்டு விடுவார்கள். 1953ல் அமெரிக்கப் பேராசிரியர் வெர்னான் க்ரீபிள் கண்டுபிடித்தது அது. காற்று படாத இடத்தில், மரைக்கு நடுவே தான் இறுகும்.

அந்தச் சொட்டும் அளவோடு இருக்க வேண்டும். 2014 ஏப்ரலில் ரெமிங்டன் நிறுவனம், 2006 மே மாதம் முதல் தயாரான எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கர் வைத்த ரைஃபிள்களைத் திரும்பக் கேட்டது. பொருத்தும்போது பூசிய ஒட்டும் திரவம் அளவுக்கு மேல் போனதால், சில சமயம் ட்ரிக்கரைத் தொடாமலே வெடிக்க வாய்ப்பு உண்டு என்பது தான் அவர்கள் சொன்ன காரணம். காப்பாற்ற வைத்த சொட்டே ஆபத்தாகப் போனது!

முகாமுக்கு வருவோம். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீ திருகுனது தப்பா சரியான்னு எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா திருகினேன்னு சொல்லலை பாத்தியா, அது தப்பு. சொல்லாம கை வெச்ச மோட்டாரை எவனாலயும் சரி பண்ண முடியாது" என்றார்.

ஸ்டாஃபிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். அந்த ரைஃபிளில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தனியாக வைத்தார். அப்புறம் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டார், எத்தனை சுற்று என்று கேட்காதீர்கள். ஆனால் அணிப் பட்டியல் அதற்குள் போய் விட்டிருந்தது. அந்தப் பையனிடமும் சொன்னேன். "பரவால்லண்ணா" என்றான். அந்த ஒரு வார்த்தையை விட ஓட்டம் சுலபமாக இருந்தது.

உண்மையில் அந்தத் திருகு தான் காரணமா, அன்றைக்கு அவனுக்குக் கை நடுங்கியதா? இனி யாராலும் சொல்ல முடியாது. நான் கை வைத்ததில் நடந்த பெரிய கெடுதலே அது தான் என்று இப்போது தோன்றுகிறது. அவன் தோற்றிருந்தாலும் அது அவனுடைய தோல்வியாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது கல்லூரி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அப்பா கடையில் உட்காருவேன். போர் மோட்டார் மாட்டி முடித்ததும், திருகுத் தலையிலிருந்து பாடி வரைக்கும் பெயிண்ட்டால் ஒரு சின்னக் கோடு இழுப்பேன். திருகு நகர்ந்தால் கோடு உடையும். யாராவது தொட்டாலும் தெரியும். அப்பா அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார். பெயிண்ட் டப்பாவை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைப்பார்.