எடைமேடை நிற்பதில்லை

1972-இல் நிறுவப்பட்ட ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியம் காட்டைத் திருத்தி உருவாக்கிய ஊர்களுள் ஒன்றாகிய பண்டார் தெங்காராவைச் சுற்றிலும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனையே நிற்கிறது. அவ்வூருக்கு அருகிலுள்ள ஓர் எண்ணெய் ஆலையில், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை நிறுத்தாமலே பேக்கப் எடுக்கும் வேலையை அருகிருந்து காணும் பொருட்டு, இரவில் எடைமேடை அறையில் தங்க அனுமதி பெற்றேன்.

நிறுத்தினால் என்ன என்று கேட்போருக்குக் குலையே விடை சொல்லும். வெட்டிய பழம் அடிபட்ட கணத்திலிருந்து அதனுள் அமிலம் ஏறத் தொடங்கி எண்ணெயின் தரத்தைக் கெடுப்பதால், 24 மணி நேரத்துக்குள் அதை ஆவியில் வேகவைத்தாக வேண்டும். ஆகவே மகசூல் காலத்தில் லோரிகள் நள்ளிரவிலும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு லோரியும் பாரத்தோடு ஒருமுறையும், இறக்கிய பின் ஒருமுறையும் மேடை ஏறுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தோட்டக்காரருக்குக் கிடைக்கும் பணம். முதல் எடை பதிவாகி, இரண்டாவது எடை வராத அரைகுறைக் கணக்குகள் எந்த நேரத்திலும் சில இருந்துகொண்டே இருக்கும்.

அந்த நிலையில் எடுக்கும் பிரதி எங்ஙனம் மெய்யாகும்? வியாபாரம் நடக்கும் கடையில் இருப்பெடுப்பதைப் போன்றது இது: மேல்தட்டை எண்ணி முடிப்பதற்குள் கீழ்த்தட்டில் சரக்கு விற்றுப்போகும், ஆயினும் எண்ணத் தொடங்கிய நேரமுதல் பில் புத்தகம் பிசகாமல் எழுதப்பட்டிருந்தால், கணக்கை நேர் செய்துவிடலாம். ஆலையில் உள்ள போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸ் மென்பொருள் அவ்வாறே ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறிப்பேட்டில் பதிந்த பிறகே உரிய கோப்பில் சேர்க்கிறது. 24 எழுத்துப் பெயர் தாங்கிய, 16 மெகாபைட் அளவுள்ள அக்குறிப்பேட்டுத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வேறொரு கணினிக்குச் சென்று சேர்வதைத் திரையில் கண்டேன். வெளியே ஒரு லோரி மேடையில் ஏறி நின்றது, சீட்டு வந்தது, ஓட்டுநர் சென்றார், எவரும் ஒரு விநாடி காத்திருக்கவில்லை. இவ்வாறு முன்கூட்டிப் பதிந்த குறிப்பைக் கொண்டு பழுதைச் சரிசெய்யும் ‘ஏரீஸ்’ என்ற முறையை 1992-இல் விரிவாக வகுத்துரைத்த கட்டுரையின் முதல் ஆசிரியர், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, அந்நாளில் ஐ.பி.எம். ஆய்வாளராயிருந்த சி. மோகன் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறேன்.

பிரதி முடிந்ததும் வேலை முடிந்ததென்றே எண்ணினேன். பொறுப்பிலிருந்த இளம்பெண் எழவில்லை. “அண்ணே, நேத்து ராத்திரி சீட்டுக் கட்டைக் குடுங்க” என்று கிராணியிடம் கேட்டு வாங்கி, முந்தின நாள் பிரதியைத் தனிக் கணினி ஒன்றில் மீட்டெழுப்பி, குறிப்பேட்டை இரவு இரண்டு மணி வரை ஓடவிட்டு நிறுத்தி, காகிதச் சீட்டின் எடையையும் திரையின் எடையையும் விரல் வைத்து ஒப்பிட்டார். “இது நடக்காத வரைக்கும் பேக்கப் எடுத்தேன்னு நான் சொல்லமாட்டேன், ஐயா” என்றார். நரைத்த தலையுடைய கிராணி, “தங்கச்சி ஒரு கிலோ விடாது” என்று பெருமையோடு சேர்த்துக்கொண்டார்.

அப்பெண்ணின் பிடிவாதம் மிகையன்று. 2017 ஜனவரி 31-ஆம் தேதி மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான கணினியில் கட்டளையிட்டு மூலத் தரவையே அழித்தபோது, அன்றாடப் பேக்கப் பதிப்பு முரண்பாட்டால் எடுபடாமலே இருந்ததும், அதை எச்சரித்த மின்னஞ்சல்கள் எவரையும் சென்றடையாததும் அப்பொழுதுதான் வெளிப்பட்டன. ஏறத்தாழ ஆறு மணி நேரப் பதிவுகள் போயே போயின. உலகறிந்த நிறுவனத்துக்கே அக்கதி நேர்ந்ததென்றால், மகசூல் காலத்து ஆறு மணி நேரத்தை இழக்கும் சிறு தோட்டக்காரரின் நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்கள் கூட்டுறவுச் சங்கமோ, பள்ளியோ, கடையோ கணினியில் கணக்கு வைத்திருந்தால், அதன் பொறுப்பாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: பிரதியைக் கடைசியாக எந்தத் தேதியில் மீட்டுப் பார்த்தீர்கள்?