டம்டமில் இறங்கிய மர விமானம்

கொல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. வெளியே ஜெசோர் ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் நெரிகின்றன. மேலே பெரிய ஜெட்கள் தாழ இறங்குகின்றன. என் மனமோ அதே டம்டம் மைதானத்தில் வந்திறங்கிய ஒரு மர விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

அதன் பெயர் கிளெம் எல் 20. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு விமானம் கட்டவே பல தடைகள். அங்கே இளைஞர்கள் எஞ்சின் இல்லாத கிளைடர்களில் பறந்து பழகினார்கள். பொப்லிங்கன் ஊரின் ஹான்ஸ் கிளெம் அந்த நீண்ட, மெல்லிய இறக்கையை எடுத்துக்கொண்டு, முன்னால் ஒரு சின்ன மெர்சிடிஸ் எஞ்சினைப் பொருத்தினார். அதன் திறன் 20 குதிரைசக்திதான். நம் திருவொற்றியூரில் வளர்ந்த புல்லட் மோட்டார் சைக்கிளுக்கும் இன்று ஏறக்குறைய அவ்வளவுதான்!

1928 ஆகஸ்டில் கோனிக்-வார்ட்ஹவுசன் என்ற 22 வயது இளைஞர் அதில் பெர்லினிலிருந்து தனியாகக் கிளம்பினார். மாஸ்கோ வரைதான் திட்டம். போய்ச் சேர்ந்ததும் ஆசை விடவில்லை; பாரசீகம், கராச்சி, ஆக்ரா வழியாகக் கல்கத்தா வந்து, பர்மா, சயாம் கடந்து சிங்கப்பூரைத் தொட்டார். பெருங்கடல்களை விமானத்தைக் கப்பலில் ஏற்றிக் கடந்து, உலகையே சுற்றி முடித்தார். ரேடியோ கிடையாது, துணைக்கு ஆள் கிடையாது. கங்கைச் சமவெளியின் புழுதியையும் வங்கக் கடலோரக் காடுகளையும் நினைத்துப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அவருக்குப் பின், 1931 டிசம்பரில் எல்லி பைன்ஹார்ன் என்ற பெண் விமானி புறப்பட்டார். வயது 24. அவர் ஓட்டியதும் ஒரு கிளெம்தான், அதைவிட வலுவான 26ஆம் ரகம். கல்கத்தா வழியாகக் கிழக்கே போய், 1932 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததற்கு ஏழு மாதம் முந்தைய கதை இது. எல்லியைப் பற்றி நம் பள்ளிப் பெண்கள் படித்தாக வேண்டும் என்பேன்.

டம்டமின் புதிய முனையத்தில் கூரையெங்கும் வங்க எழுத்துகளால் அலங்கரித்திருக்கிறார்கள். அந்தக் கூரையின் கீழ் ஒரு சுவரில் இந்த இருவரின் படத்தையும் கிளெம் விமானத்தின் படத்தையும் மாட்டுங்கள் என்று நிலைய நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.