யார் கண்ணுக்கு வெளிச்சம்?

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில், பாகாலா பக்கத்துக் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. இரவில் பச்சை லேசரை வானத்துக்கு அனுப்பி, பல கிலோமீட்டர் உயரத்திலிருந்து திரும்பி வரும் துளி வெளிச்சத்தை ஒளிப்பெருக்கிக் குழாயில் பிடிக்கிறார்கள். அவ்வளவு கூர்மையான கருவி, மின்சாரம் ஓடும்போது பகல் வெளிச்சம் பட்டால் பாழாகிவிடும். வீட்டுத் திண்ணைக்கு அது ஆகாது.

விளக்கைத் தானாக மங்கவைக்கும் சர்க்யூட் செய்யும் பிள்ளைகள், "எந்த சென்சார் நல்லது, ஐயா?" என்று கேட்கிறார்கள். அந்த விளக்கடியில் யார் உட்காரப் போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பூக்கட்டும் பாட்டியா, பாடம் படிக்கும் பேத்தியா?

ஏன் கேட்கிறேன் என்றால், எல்லாச் சென்சாரும் நம்மைப்போலப் பார்ப்பதில்லை. நம் கண் பகலில் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் பச்சையை. சாதாரண சிலிக்கான் போட்டோடிரான்சிஸ்டரோ 900 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பில்தான் நன்றாக விழிக்கும். பழைய குண்டு பல்பு அகச்சிவப்பை வாரி இறைக்கும், எல்.இ.டி.யில் அது அநேகமாக இல்லை. பாட்டிக்கு இரண்டும் ஒரே வெளிச்சம். போட்டோடிரான்சிஸ்டருக்கோ குண்டு பல்பின் அடியில் நண்பகல், எல்.இ.டி.யின் அடியில் அந்தி. யாருக்காக விளக்கு எரிகிறதோ அவர் காணாததைக் கண்டு முடிவெடுக்கும் சென்சார் எவ்வளவு நுட்பமானாலும் எனக்கு வேண்டாம்.

காட்மியம் சல்பைடு எல்.டி.ஆர். நம் கண்ணுக்கு நெருக்கமானது, மலிவானது. ஆனால் துண்டுக்குத் துண்டு அளவு மாறும். சற்றுமுன் பட்ட வெளிச்சத்தின் தாக்கமும் அதில் தங்கும். காட்மியம் நச்சு, 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் வைத்துச் செய்பவர்கள் பி.எச்.1750 சென்சார் வாங்கலாம். கண்ணைப்போலவே உணர்ந்து, லக்ஸ் கணக்கை எண்ணாகவே தந்துவிடும்.

எல்.டி.ஆர். மெதுவானது என்று பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். எனக்கு அது குறையே இல்லை. திருமலைமேல் ஒரு மேகம் நகரும், தெருவில் பஸ் விளக்கு வீசிப்போகும். ஒவ்வொன்றுக்கும் துள்ளும் விளக்கின் கீழ் எந்தப் பிள்ளை படிக்கும்? எந்தச் சென்சாரானாலும் சில விநாடிகள் பொறுக்கும்படி நீங்களே தாமதம் சேர்க்க வேண்டும். 1 லட்சம் ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோபாரட் கன்டென்சர் போட்டால் சுமார் 10 விநாடி கிடைக்கும்.

இன்னொன்று, சென்சார் தன் விளக்கையே பார்க்கக்கூடாது. பார்த்தால் ஏறியதைக் கண்டு இறக்கும், இறங்கியதைக் கண்டு ஏற்றும். கறுப்புக் குழாய் மாட்டி ஜன்னல் பக்கம் திருப்பிவையுங்கள்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்ற அளவை மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். சாயங்காலம் பாட்டியை அவர் இடத்தில் உட்காரவைத்து, பூவும் நாருமாக இருக்கும்போது அந்த அளவை மாற்றும் பிரிசெட் திருகை மெல்லத் திருப்புங்கள். அவர் போதும் என்றதும், அசையாமலிருக்க அதன்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள்.