சாரலில் பார்த்த வீடு

போன வருஷம் ஆனி மாதம். தென்காசி ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரஸை விட்டு இறங்கியதுமே முகத்தில் சாரல். மேற்கே பாதி மலைதான் தெரிந்தது. மீதியை மேகம் மூடியிருந்தது. "இங்கேயே ஒரு வீடு பார்த்துடலாமே" என்றாள் மனைவி. நான் ரிட்டயர் ஆகி ஆறு மாதம் ஆகியிருந்தது. சென்னையில் எங்கள் பால்கனியில் நின்றால் எதிர் ஃபிளாட்டின் பால்கனிதான் தெரியும். சரி என்றேன்.

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்காவது இந்த ஆசை வரும். ரசிகமணி டி.கே.சி.யே கடைசிக் காலத்தில் இங்கேதான் வந்து இருந்தார். கேரளத்தில் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழை, செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதுதான் சாரல். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளையே தள்ளும்.

இலஞ்சியில் ஒரு ஓட்டு வீட்டைக் காட்டினார் புரோக்கர். திண்ணை, பட்டாசல், பின்னால் கிணறு, அதையொட்டி ஒரு மாமரம், அதற்கப்பால் வயல். அங்கேயே அட்வான்ஸ் கொடுக்க நான் தயார். பக்கத்து வீட்டு ஆச்சிதான் தடுத்தார். "சாரல்ல வந்து வீடு பாக்காதிய. பங்குனியில ஒருக்கா வந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

பங்குனியில் போனோம். பேரருவியில் பாறைதான் இருந்தது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. வெயில் ஓட்டைத் தாண்டி உள்ளே இறங்கியது. பெரிய வைத்தியம் என்றால் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இதையெல்லாம் புரோக்கர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆனாலும் எனக்கு அந்தப் பங்குனிதான் பிடித்தது. கூட்டம் இல்லாத ஊர், தன் பாட்டுக்கு இருந்தது. இலஞ்சி குமாரர் கோயிலில் சாயங்காலம் நாங்களும் இன்னும் நாலு பேரும்தான். பிரானூர் பார்டரில் வரிசையில் நிற்காமல் பரோட்டா கிடைத்தது. மூன்றாம் நாள் பால்காரர் என்னை "அண்ணாச்சி" என்றார். நாலாம் நாள் அவருடைய மகளின் பரீட்சை பற்றி எனக்கும் கவலை வந்துவிட்டது.

பிறகு பத்திரம் பார்த்தோம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே காசு கொடுக்காமல் பார்க்கலாம். முப்பது வருஷத்துக்குப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. முத்திரைத்தாள் 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம் என்று கணக்கும் போட்டுவிட்டேன். அப்போதுதான் ஆச்சி கேட்டார்: "அந்தப் புள்ள கையெழுத்துப் போடுதாளா?"

எந்தப் புள்ள?

வீடு, இறந்துபோன அப்பா சம்பாதித்தது. அம்மாவும் இல்லை. உயில் எழுதவில்லை. விற்க வந்தவர்கள் மூன்று அண்ணன் தம்பிகள். ஒரு தங்கையும் உண்டு, கல்யாணமாகி புனேயில் இருக்கிறாள் என்பதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கேட்டால், "அவளுக்குத்தான் அப்பவே நகை போட்டு அனுப்பிட்டோமே" என்றார்கள். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட சொத்தில் மகளுக்கும் சம பங்கு. நகையெல்லாம் அதில் கழியாது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். ஒதுக்கிவைக்கப்பட்ட தங்கை தெரிய மாட்டாள். சின்ன ஊரில் பழைய வீடு வாங்குகிறவர்கள் வாரிசுச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அப்படியே பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் கொஞ்சம் உட்காருங்கள்.

"ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டா முடிஞ்சது சார்" என்றார் புரோக்கர். என் மனைவி ஆச்சியிடம் நம்பர் வாங்கி அந்தப் பெண்ணுக்கே போன் போட்டாள். வீட்டை விற்கப்போவதே அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "மாமரம் இன்னும் காய்க்குதா அக்கா?" என்று மட்டும் கேட்டாளாம்.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இப்போது மறுபடி ஆனி. ஜன்னலை மூடினாலும் காற்று கேட்கிறது. அந்தப் பெண் அடுத்த வாரம் வருகிறாள். அண்ணன்மாரிடம் சாவி வாங்கி, நேற்று முழுக்க அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"கையெழுத்துப் போடுவாளா?" என்று கேட்டேன்.

"முதல்ல வந்து பார்க்கட்டும்" என்றாள்.