பம்பாயில் ஒரு குடும்பம், தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை

முப்பத்தோரு வருஷம் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்டாக நின்றவன் நான். மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் கம்பெனி பெயரைப் பார்ப்பது இன்றைக்கும் விடாத பழக்கம். பேத்திக்கு இருமல் மருந்து வாங்கி வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். அப்படிப் பார்த்த பெயர்களில் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. சிப்லா.

பெயரைக் கேட்டுவிட்டு அது வெளிநாட்டுக் கம்பெனி என்று நினைத்தவர்கள் எங்கள் கடைக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். கெமிக்கல், இண்டஸ்ட்ரியல் அண்ட் ஃபார்மசூட்டிகல் லேபரட்டரீஸ் என்பதன் சுருக்கம்தான் அது. 1935ல் 2 லட்சம் ரூபாய் முதலில் பம்பாயில் ஆரம்பித்தவர் அலிகாரில் பிறந்த க்வாஜா அப்துல் ஹமீது. மேல்படிப்புக்கு இங்கிலாந்து என்று கிளம்பியவர், வேதியியலுக்கு ஜெர்மனிதான் என்று பெர்லின் போய் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கே பழக்கமான லூபா என்கிற லிதுவேனிய யூதப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். முஸ்லிம் அப்பா, யூத அம்மா. மூத்த மகன் யூசுஃப் 1936ல் அம்மாவின் ஊரான வில்னியஸ் நகரத்தில் பிறந்தார். 1939ல் காந்தியே அந்தத் தொழிற்சாலையைப் பார்க்க வந்திருக்கிறார். பிரிவினையின்போது ஹமீது பாகிஸ்தான் போகவில்லை, பம்பாயிலேயே இருந்துவிட்டார்.

மகன் கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு வாங்கிய அலெக்சாண்டர் டாடிடம் படித்து முடித்து 1960ல் திரும்பி வந்தார். டைரக்டரின் பிள்ளை என்பதால் சம்பளம் கொடுக்க அரசாங்க அனுமதி வேண்டுமாம். முதல் வருஷம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். இந்தக் காலத்து முதலாளி வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அப்போது பேட்டன்ட் சட்டம் வெள்ளைக்காரன் 1911ல் போட்டது. ஒரு மருந்துக்கு ஒருவன் உரிமை வாங்கிவிட்டால் வேறு யாரும் அந்த மருந்தையே செய்யக் கூடாது. இதை மாற்ற வேண்டும் என்று டெல்லிக்கு நடையாய் நடந்தவர்களில் இந்த அப்பாவும் பிள்ளையும் உண்டு. 1970ல் புதுச் சட்டம் நிறைவேறி 1972ல் அமலுக்கு வந்தது. அதன்படி மருந்துக்கு உரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான். என் ஜூனியர் பையன்களுக்கு இப்படிச் சொல்வேன்: தாம்பரம் போகும் ஒரு ரோட்டுக்கு நீ உரிமை கொண்டாடலாம், தாம்பரத்துக்கே கொண்டாட முடியாது. வேறு ரோடு போடத் தெரிந்தவன் வந்து சேரலாம். யூசுஃபுக்கு ரோடு போடத் தெரியும். சட்டம் அமலுக்கு வந்த அதே 1972ல் அப்பா காலமானார்.

இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. நேரில் பார்த்தது வேறு.

சானடோரியம் 1928ல் டாக்டர் சவுரிமுத்து காசநோய்க்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரி. 1986ல் சென்னையில்தான் நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வேறெங்கும் சேர்க்காத நோயாளிகள் தாம்பரத்துக்கு வர ஆரம்பித்தார்கள். சீட்டில் எழுதியிருக்கும் மருந்தைப் படித்து விலை சொல்வது என் வேலை. வெளிநாட்டில் மூன்று மருந்து சேர்த்த சிகிச்சைக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல். இங்கே சிப்லா 1993லேயே சிடோவுடினைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்திருந்தது. ஆனாலும் கூலிக்காரனால் அதைத் தொட முடியாது.

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வரும். புருஷன் லாரி டிரைவர், வார்டில் இருந்தார். "அண்ணே, பத்து நாளைக்கு மட்டும் குடுங்க, மிச்சத்தை அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்" என்று கேட்கும். பத்து நாள் சாப்பிட்டு இருபது நாள் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் அந்த மருந்து வேலைக்கு ஆகாது. அதைச் சொல்லாமல் கொடுப்பதா, சொல்லி அனுப்புவதா? நான் சொன்னேன். "விட்டு விட்டுச் சாப்பிடக் கூடாதும்மா." அது என்னை ஒரு நிமிஷம் பார்த்தது. "அப்ப நாலு நாளைக்குக் குடுங்க" என்றது. மூன்று மாசம் வந்தது. பிறகு வரவில்லை.

2001 பிப்ரவரியில் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. மூன்று மருந்தையும் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு 350 டாலருக்கு, அதாவது ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தருகிறேன் என்று யூசுஃப் ஹமீது அறிவித்திருந்தார். அரசாங்கங்களுக்கு 600 டாலர். அதே வருஷம் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றையும் ஒரே மாத்திரையில் அடைத்து ட்ரயோமியூன் வந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, அவ்வளவுதான். மேல்நாட்டில் அந்த மூன்றுக்கும் உரிமை மூன்று கம்பெனிகளிடம் தனித்தனியாக இருந்தது. மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு அடுப்பில் சமைப்பார்களா? இங்கே 1970 சட்டம் இருந்ததால் ஒருத்தர் வீட்டிலேயே சமைக்க முடிந்தது.

குடும்பக் கம்பெனி என்றால் அண்ணன் தம்பி சண்டை, மாப்பிள்ளைக்குப் பதவி என்றுதான் நாம் பேசுவோம். ஆனால் ஆயிரம் பங்குதாரரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய கம்பெனியில் இப்படி ஒரு விலை வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அதற்காக அவர்களைத் தர்மசத்திரம் என்று சொல்ல வரவில்லை. அதே கம்பெனி வேறு மருந்துகளுக்குக் கூடுதல் விலை வாங்கியதாக அரசாங்கத்தோடு வருஷக்கணக்கில் வழக்கு நடத்தியது. லாபம் பார்த்தவர்கள்தான்.

2004 ஏப்ரல் 1 முதல் அரசாங்கமே இந்த மருந்துகளை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று. எங்கள் கடையில் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளிக்கு வருத்தம், எனக்கு இல்லை. 2005ல் பேட்டன்ட் சட்டம் மறுபடி மருந்துக்கே உரிமை தருவதாக மாறியது. 2013ல் யூசுஃப் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகினார். தம்பி மகள் சமினா நிர்வாகத்தில் முக்கியப் பொறுப்புக்கு வந்தார்.

அந்த ஸ்டாவுடின் ரொம்ப நாள் சாப்பிட்டவர்களுக்குக் கன்னம் ஒட்டிப் போகும், பாதம் எரியும். 2009ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி, வேறு மருந்து வந்துவிட்டது. எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அந்தக் கன்னக்குழி இன்னும் இருக்கிறது. காலையில் ஐந்தரைக்கெல்லாம் கடை திறந்துவிடுவார்.