கோயில் நின்ற இடமும் பெயர் சென்ற வழியும்

திருகோணமலை நகரினின்றும் நிலாவெளிச் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால், சிறிது நேரத்தில் உப்புவெளியை அடையலாம். உப்பும் வெளியும் சேர்ந்த, உரை வேண்டாத தமிழ்ப் பெயர் அது. அதன் மணற்கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்குக் கடலுள் நீண்டு நிற்கும் கோணமலை தோன்றும்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் அங்கிருந்த பழங்கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். ஆயினும் கோயில் நின்ற மலையின் பெயர் ஊரைவிட்டு அகலவில்லை. ஐரோப்பியர் நாவில் 'டிரிங்கோமலி' எனத் திரிந்த போதும், அதனுள்ளே கோணமலை குடியிருந்தது.

இதனினும் வியத்தகு வரலாறு ஒன்று நைல் நதிக்கரையில் உண்டு. அங்கே ஒரு கோயிலின் பெயர் ஒரு நாட்டுக்கே பெயராயிற்று. மெம்பிஸ் நகரில் ப்தா என்னும் தெய்வத்துக்கு இருந்த ஆலயத்தை 'ஹூத்-கா-ப்தா' என்றனர். அதனையே கிரேக்கர் 'ஐகுப்தோஸ்' என ஒலித்து நாடு முழுமைக்கும் வழங்கினர் என்பர் அறிஞர். நாம் கூறும் 'எகிப்து' அதன் வழி வந்ததே. சம்பந்தர் வாழ்ந்த அதே நூற்றாண்டில் அந்நாட்டை வென்ற அரபியர், அங்குள்ள மக்களைக் 'கிப்த்' என்றழைத்தனர். அதுவே ஐரோப்பிய மொழிகளிற் 'கொப்திக்' ஆயிற்று.

ஆகவே, எகிப்தியர் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். காலப்போக்கில் மக்களிற் பெரும்பாலோர் இஸ்லாத்தைத் தழுவவே, கிறிஸ்தவராய் நிலைத்தவர்க்கு மட்டும் அப்பெயர் உரியதாகச் சுருங்கிற்று. அவர்தம் திருச்சபைக்கும், கலைக்கும், நாட்காட்டிக்கும் அதுவே அடைமொழி. எத்தியோப்பியக் கிறிஸ்தவரையும் சிலர் அவ்வாறு சொல்வதுண்டு, அது பொருந்தாது. 1959இல் அவர்கள் தமக்கெனத் தனித் தலைமை பெற்றனர்.

பண்டை எகிப்திய மொழியின் இறுதி வடிவத்துக்கும் கொப்திக் என்பதே பெயர். கிரேக்க எழுத்துக்களோடு பழைய எகிப்திய எழுத்துக்கள் சிலவற்றையும் சேர்த்து அதனை எழுதினர். வீட்டிலும் வீதியிலும் அரபு மொழி அதன் இடத்தைப் பெற்றுவிட்டது. வழிபாட்டில் மட்டும் அது இன்றும் ஒலிக்கிறது. அங்ஙனம் எஞ்சிய மொழியைக் கற்றிருந்தமையாலேயே, 1822இல் ஷம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞரால் பண்டை எகிப்தியரின் சித்திர எழுத்துக்களின் மறைபொருளை வெளிப்படுத்த முடிந்தது.

மெம்பிஸ் கோயில் இன்று இடிபாடாய்க் கிடக்கிறது. கோணமலையிலோ மீண்டும் மணியோசை கேட்கிறது. இரண்டிடத்தும் வரலாற்றைக் காத்துத் தந்தவை பெயர்களே. மாணவர்கள் தத்தம் ஊர்ப் பெயரின் பொருளை முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பார்களாக. கேட்பார் இல்லையெனில், சொல் இருக்கும். அதன் பொருள் போய்விடும்.